கன்ட்ரோலருக்கு வட்டி இல்லை, மாத்திரைக்கு 43 சதவீதம்!

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வருவது 52,000 ரூபாய். ஆறு வருடங்களாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் முடக்குவாதம். (மாத்திரைக்கு மாதம் 2,400 ஆகிறது, அதுவும் கார்டில்தான்.) இரவு ஒரு மணி நேரம் லேப்டாப்பில் கேம் விளையாடுவது ஒன்றுதான் பொழுதுபோக்கு. கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி வருவதால் ஒன்றரை வருடத்தில் நான்கு கன்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் கருவி) வாங்கிவிட்டேன்: 5,500, 7,500, 16,000, 13,000. எல்லாம் நோ காஸ்ட் இஎம்ஐ. கடைசி இரண்டுக்கும் தவணை இன்னும் ஓடுகிறது, மாதம் 3,500. பதினாறாயிரம் ரூபாய் மாடல் எனக்குக் கனமாக இருக்கிறது என்று தம்பி எடுத்துக்கொண்டான். மினிமம் டியூவை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் போன வருடம் 38,000 ஆக இருந்த கார்டு பாக்கி இப்போது 61,000. தம்பி 18,000 ரூபாயில் ஒரு புரோ மாடல் சொல்கிறான், 12 மாத இஎம்ஐ. அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகள், ஊனமுள்ளவர்களுக்கான அடாப்டிவ் கன்ட்ரோலர் வாங்கி வரவா என்கிறாள். எதை வாங்கலாம்? வரிச் சலுகை கிடைக்குமா? மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 3,000 எஸ்ஐபி போகிறது. லாக்கரில் ஐந்து பவுன் இருக்கிறது.

பதில்: கன்ட்ரோலரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். உங்கள் பிரச்சினை அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது.

இந்த மாத பில்லைப் பிரித்துப் பார்ப்போம். இஎம்ஐ 3,500. மீதி பாக்கி 61,000இல் 5 சதவீதம் 3,050. மினிமம் டியூ சுமார் 6,550. அதைக் கட்டுகிறீர்கள். 61,000க்கு மாத வட்டி 3.6 சதவீதம் என்று வைத்தால் 2,196, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 395. ஆக 2,590 ரூபாய். நீங்கள் கட்டிய 3,050இல் அசலுக்குப் போவது 460 மட்டும். அதே மாதம் மாத்திரைக்கு 2,400 கார்டில் தேய்க்கிறீர்கள். 460 இறங்கி 2,400 ஏறினால் மாதா மாதம் ஏறத்தாழ 2,000 கூடத்தான் செய்யும். பன்னிரண்டு மாதத்தில் 38,000 எப்படி 61,000 ஆனது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

பழைய பாக்கி இருக்கும் கார்டில் புதிதாகத் தேய்க்கும் எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. மாத்திரை வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். கன்ட்ரோலருக்கு வட்டி இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்த 3,500 சம்பளத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மாத்திரை கார்டுக்குத் தள்ளப்பட்டு, வருடத்துக்கு 43 சதவீத வட்டியைச் சுமக்கிறது. மினிமம் டியூ கட்டிக்கொண்டே அடுத்த தவணையைச் சேர்க்கிறீர்களே, நிறுத்த வேண்டிய பழக்கம் அதுதான். விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வலியை மறந்திருக்கச் செலவு செய்வதில் தப்பே இல்லை.

நோ காஸ்ட் என்பதும் முழு உண்மை அல்ல. 18,000 ரூபாய்ப் பொருளுக்கு 12 மாதம், 16 சதவீதம் என்று வங்கி வட்டி போடுகிறது. அந்தத் தொகையைக் கடைக்காரர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கிறார். வட்டி சுமார் 1,460. அதற்கான ஜிஎஸ்டி 260 ரூபாயும், ப்ராசஸிங் கட்டணம் ஒரு 235 ரூபாயும் உங்கள் தலையில். ஆக 500 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் பொருள் ஒத்துவராமல் திருப்பி அனுப்பினால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது, தவணையை ரத்து செய்ய வங்கிக்கும் கடைக்கும் நடுவே நீங்கள்தான் அலைய வேண்டும். கையில் பிடித்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திருப்பித் தர வேண்டிய பொருளை இப்படி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 'பை நவ் பே லேட்டர்' ஆப்களுக்கும் இதே பதில்தான். பில் போடும்போது நீட்டுகிற 'எக்ஸ்டெண்டட் வாரண்டி'யும் வேண்டாம். கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கின் தேய்மானம் பல திட்டங்களில் அதில் சேராது, கன்ட்ரோலரில் முதலில் கெடுவதோ ஸ்டிக்தான்.

சரி, செய்ய வேண்டியது. ஐந்தில் இரண்டு பவுனை வங்கியில் நகைக்கடன் வையுங்கள், 61,000 போதும். மிச்ச மூன்றுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாமே என்று கவுன்டரில் சொல்வார்கள். வேண்டாம். 9.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி 480 ரூபாய்தான். இப்போது கார்டுக்குக் கட்டும் அதே 3,050ஐ இதற்குக் கட்டினால் 22 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மாதத் தவணையாகக் கட்டும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது மினிமம் டியூவின் அண்ணன். நகையை வைக்க மனசில்லை என்றால் 14 சதவீதத்தில் இரண்டு வருடத் தனிநபர் கடன்: தவணை 2,930, மொத்த வட்டி 9,300க்குள். அதுவும் பரவாயில்லை.

எஸ்ஐபியை உடனே நிறுத்தி வையுங்கள். 43 சதவீதம் கொடுத்துக்கொண்டே 12 சதவீதம் வரும் என்ற நம்பிக்கையில் போடும் முதலீட்டுக்குப் பெயர் முதலீடு அல்ல. அந்த 3,000இல் மாத்திரையை யுபிஐயில் வாங்குங்கள், சம்பளம் வந்த அன்றே. மிச்சம் 600 ரூபாய் கன்ட்ரோலர் கணக்குக்கு. கார்டின் ஆட்டோ பேவில் 'மினிமம் டியூ' என்று இருப்பதை 'டோட்டல் டியூ' என்று மாற்றுங்கள். ஷாப்பிங் ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

இனி கன்ட்ரோலர். நான்கையும் எப்போது ஆர்டர் செய்தீர்கள் என்று ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். வலி உச்சத்தில் இருந்த வாரங்களாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அந்த வாரங்களில் டம்ளர் பிடித்தாலும் வலிக்கும், கையில் இருக்கும் எந்தக் கன்ட்ரோலரும் குற்றவாளியாகத் தெரியும். வலி தணிந்து இரண்டு வாரம் ஆகும்வரை எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

அதற்கு முன், காசில்லாத திருத்தங்கள் சில. அதிர்வை முழுக்க அணையுங்கள். ஓடுவதற்கும் குறி பார்ப்பதற்கும் பட்டனை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டிய கேம்கள்தான் விரலை அதிகம் வருத்தும். கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் ஆப்பில் அந்த கேமின் கன்ட்ரோலர் லேஅவுட்டைத் திறந்து, அந்த பட்டனுக்கு 'டாகிள்' போட்டால் ஒருமுறை தட்டினால் ஓடும், மறுமுறை தட்டினால் நிற்கும். ஆள்காட்டி விரலுக்கான ட்ரிகரை முழுக்க இழுக்காமல் பாதியிலேயே வேலை செய்யும்படியும், ஸ்டிக்கைக் கொஞ்சம் அசைத்தாலே போதும்படியும் அங்கேயே மாற்றலாம். மடியில் பத்து பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தலையணை வைத்து, கன்ட்ரோலரின் எடையை அதன் மேல் விடுங்கள். முழங்கை மடங்கி, தோள் தளர்ந்து, மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும்.

அடுத்தது 200 ரூபாய்த் திருத்தம். டென்னிஸ் ராக்கெட்டில் சுற்றும் ஓவர்கிரிப் டேப்பைக் கைப்பிடிகளில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிடி பருமனானால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய பலம் குறையும். மூட்டுவலிக்காரர்களுக்குத் தடித்த பேனாவும் தடித்த கரண்டியும் சொல்வது அதற்காகத்தான். ஸ்டிக் மேல் மாட்டும் உயரக் குமிழ் விஷயத்தில் கவனம். உயரம் கூடினால் தள்ளும் பலம் குறையும், ஆனால் கட்டைவிரல் நகர வேண்டிய தூரம் கூடும். விரலில் பலமில்லாதவருக்கு அது நல்லது. உங்களைப் போல கட்டைவிரல் அடியில் வலிப்பவருக்குக் குட்டையான ஸ்டிக்தான் சரி.

தம்பி சொல்லும் புரோ மாடலுக்கு வருவோம். சாதாரண கன்ட்ரோலர் சுமார் 280 கிராம். புரோ ரகத்தில் டூயல்சென்ஸ் எட்ஜ் 325, எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2 ஏறத்தாழ 345. பதினாறாயிரம் ரூபாய் மாடல் கனம் என்று நீங்களே சொல்லிவிட்டு, அதே ரகத்தில் இன்னொன்றா? பின்பக்கத் துடுப்பு பட்டன்களைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அவற்றை நடுவிரலும் மோதிர விரலும் அழுத்த வேண்டும், தளர்வாகப் பிடிப்பவர் கையில் தானாகவே அழுந்தும், அழுந்தாமல் இருக்க மறுபடி இறுக்கிப் பிடிப்பீர்கள். ட்ரிகர் தூரத்தைக் குறைக்கும் பூட்டு மட்டும்தான் அதில் உங்களுக்கு உதவும். அதை ஸ்டீமிலேயே ஓரளவு செய்துகொள்ளலாம். தம்பி நல்ல கையோடு சுடுகிற கேம் விளையாடுகிறவர். அவருக்குப் பிடித்ததை உங்கள் கார்டில் வாங்கி, நீங்கள் தவணை கட்ட, பொருள் அவரிடம் போய்ச் சேர்கிறது. பழையதற்குப் பாதி விலையாவது, 8,000 ரூபாய், கேளுங்கள். கொடுக்கப் பிரியமில்லை என்றால் கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கி விற்றுவிடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் அருமையான பொருள். ஆனால் அதை முழுக் கன்ட்ரோலர் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டு பெரிய பட்டன், ஒரு டி-பேட் (திசை பட்டன்), 3.5 மிமீ துளைகள் 19, இரண்டு யுஎஸ்பி. ஸ்டிக்கையும் மற்ற சுவிட்சுகளையும் தனித்தனியாக வாங்கிச் செருக வேண்டும். அறிமுக விலை 100 டாலர். உபகரணங்களைச் சேர்த்தால் அதைப் போல இரண்டு மடங்கு எளிதாக ஆகும். ஒரு கையை அசைக்கவே முடியாதவர்களுக்கும், காலாலும் முழங்கையாலும் விளையாடுபவர்களுக்கும் அது கதவைத் திறந்து விட்டது. பத்து விரலும் அசைகிற, நேரம் ஆக ஆகச் சோர்ந்து வலிக்கிற உங்களுக்கு அது முதல் தேவை அல்ல.

உங்களுக்கு நான் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கருவிக்கு வரும், இரண்டாகப் பிரியும் ஜாய்கான் போன்றவை. ஒவ்வொன்றும் 50 கிராம் அளவுதான். கட்டிலில் சாய்ந்து, இரண்டு கையையும் உடம்புக்கு இரு பக்கமும் போட்டபடி ஆடலாம். ஸ்டீமில் இரண்டையும் ஒரே கன்ட்ரோலராகச் சேர்க்க முடியும். உடம்பு அசதி மிகுந்த நாட்களில் இதற்கு ஈடில்லை. குறை: பட்டன்கள் சின்னவை, ஸ்டிக் நாளடைவில் தானாக நகரும் கோளாறு உண்டு. மற்றொன்று 8பிட்டூ நிறுவனத்தின் லைட் எஸ்இ வகை. ட்ரிகர், ஸ்டிக்-கிளிக் உட்பட எல்லா பட்டனும் மேற்புறத்திலேயே இருக்கும், மேஜையில் தட்டையாக வைத்து, பிடிக்கவே பிடிக்காமல் விரல்களால் ஆடலாம். ஸ்விட்சுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் என்று வந்தது, உங்கள் லேப்டாப்பில் நீங்கள் ஆடும் கேமில் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். எது வாங்கினாலும் ஸ்டிக்கில் காந்தத்தால் அசைவை அறியும் ஹால் எஃபெக்ட் சென்சார் இருந்தால் நல்லது. உரசித் தேயும் பாகம் இல்லாததால் அந்த நகரும் கோளாறு வருவது அரிது.

முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி இருபது நிமிடம் ஆடிப் பாருங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஆடும் முன்பும் பின்பும் மறுநாள் காலையும் குறியுங்கள். உங்கள் நோயில் விறைப்பு காலையில்தான் தெரியும், கடையில் நின்று பார்த்தால் எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் 'ரிட்டர்ன்' என்று இருக்கிறதா, 'ரீப்ளேஸ்மென்ட் ஒன்லி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், ஒத்துவராத அதே மாடல் புதிதாக இன்னொன்று வரும், அவ்வளவுதான். இன்னொரு யோசனை: உங்கள் வாத நோய் மருத்துவரிடம் கேட்டு, கை மறுவாழ்வு பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் கன்ட்ரோலரோடு போய் உட்காருங்கள். கட்டைவிரலைத் தாங்கும் ஒரு ஸ்ப்ளின்ட் போதும் என்று அவர் சொல்லிவிடவும் வாய்ப்பு உண்டு.

வரி: கன்ட்ரோலருக்கென்று சலுகை எதுவும் இல்லை. ஊனமுள்ளவர்களுக்கு வருமானத்தில் 75,000 கழிவு உண்டு (1961 வருமான வரிச் சட்டத்தில் 80யூ பிரிவு). அதற்கு 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று அரசு மருத்துவச் சான்று வேண்டும், பழைய வரி முறையில் மட்டும்தான். சான்று ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அதை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

கன்ட்ரோலர் கணக்கில் மாதம் 600. ஓடும் தவணைகள் முடிந்ததும் அந்த 3,500இல் 1,000ஐ அதில் சேருங்கள், மீதி 2,500 நகைக்கடனுக்குக் கூடுதலாகப் போகட்டும். தம்பியின் 8,000 வந்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், பிரியும் வகையோ தட்டை வகையோ ரொக்கத்துக்கே வாங்கலாம். சித்தி மகளிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே வாங்கியது கெட்டால் வாரண்டிக்கு அங்கேதான் அனுப்ப வேண்டியிருக்கும், கூரியரில் வந்தால் சுங்க வரி வேறு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தால், வரும்போது ஓவர்கிரிப் டேப் நாலு வாங்கி வரச் சொல்லுங்கள்.