காரைக்குடிப் பக்கம் இருந்து ஏரோஸ்பேஸ் இன்ஜினியர் ஆக என்ன படிக்க வேண்டும்? வேலை கிடைக்குமா?

கேள்வியில் இருப்பது இரண்டே வரி. பிளஸ் டூ படிக்கிறேன், காரைக்குடிப் பக்கம், வீட்டில் ஏரோநாட்டிக்கல் சேரச் சொல்கிறார்கள். மீதியை நானே நிரப்பிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஒரு மாமா வந்துபோகிறார். அவருக்கு ஏதோ ஒரு கல்லூரியில் ஆள் தெரியும். அப்துல் கலாம் பெயரைக் குறைந்தது நான்கு முறை சொல்லியிருப்பார். தப்பென்றால் மன்னிக்கவும், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

2009. அப்பாவுக்குக் கழனிவாசல் பக்கம் லேத் பட்டறை. போர் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் புஷ், கிரைண்டர் தண்டு, எது வந்தாலும் கடைந்து கொடுப்பார். நான் பிளஸ் டூவில் 1200க்கு 968. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. எல்லாம் கிட்டவே நெருங்க முடியாது. அப்போதுதான் மாமா வந்தார். "மச்சான், மாப்ளையைப் பிளேன் இன்ஜினியர் ஆக்கிருவோம். இந்தத் தெருவுல எவன் வீட்ல பிளேன் இன்ஜினியர் இருக்கான், சொல்லுங்க?"

அப்பா கல்லூரியைப் பார்க்க வந்தார். வாசலில் ஒரு பழைய சிறிய விமானத்தை வெள்ளையடித்து நிறுத்தியிருந்தார்கள். அப்பா லேப் எதையும் பார்க்கவில்லை. அந்த இறக்கை ஓரமாகப் போய் நின்று ரிவெட் வரிசையை விரலால் தடவிப் பார்த்தார், இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். "நல்ல வேலை" என்றார். அன்றைக்கே முன்பணம் கட்டினார். கல்லலில் இருந்த கொஞ்ச நிலம் அந்த வருடம் போயிற்று.

நான்கு வருடத்தில் அந்த விமானத்தின் கதவை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. மூன்றாம் வருடம் அதற்குள் குளவி கூடு கட்டியது. காற்றை ஊதி இறக்கையைச் சோதிக்கும் விண்ட் டனல் இருந்தது, மோட்டார் ரிப்பேர். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய பேட்ச் ரெக்கார்டு நோட்டில் இருந்த ரீடிங்கை அப்படியே எழுதினோம். காற்றையே பார்க்காமல் ஏரோடைனமிக்ஸில் தேறியவர்கள் நாங்கள். "நீ ஒழுங்காகப் படிக்கவில்லை, கல்லூரியைக் குறை சொல்கிறாய்" என்று சிலர் கீழே எழுதுவீர்கள். ஆமாம், இரண்டு அரியர் வைத்தேன். அதற்கும் குளவிக்கும் சம்பந்தமில்லை.

கடைசி வருடம் வளாகத்துக்கு வந்ததெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனியும் கால் சென்டரும்தான். ஏரோ என்ற பெயரோடு ஒருவர்கூட வரவில்லை.

2014இல் பெங்களூரில் ஒரு நேர்காணல். விமானப் பாகங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் கம்பெனி. எதிரே இருந்தவர் என் சான்றிதழைத் திறக்கவே இல்லை. ஒரு எல் வடிவப் பிராக்கெட்டை மேஜையில் வைத்தார். மேலும் கீழுமாக மூன்று போல்ட் ஓட்டை. "இது சுவரில் இருக்கு, நுனியில நூறு கிலோ தொங்குது. எந்த போல்ட் முதல்ல போகும்?" நான் காற்றோட்டத்துக்கான பெர்னூலி விதியில் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. "மூணும் சமமா எடுக்கும் சார்" என்று கடைசியில் சொன்னேன். எனக்கு அடுத்துப் போனவர் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் வருடம் மெக்கானிக்கல் சேர்ந்து வந்தவர். அவருக்கு வேலை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அடுக்களைச் சுவரில் தட்டு ஸ்டாண்டு இருந்த இடத்தைக் காட்டினார். "மேல் ஆணிதான்டா பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. கீழாணி அப்படியே நிக்கிது பாரு." பிராக்கெட் கீழ் விளிம்பில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாயப் பார்க்கும், மேல் போல்ட்தான் அதிக இழுவையைத் தாங்கும். நான்கு வருடப் படிப்புக்குப் பிறகு இதை அடுக்களையில் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு சி.என்.சி. பட்டறையில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் இயந்திரப் பட்டறையில், மாதம் 7,500 ரூபாய்க்கு இரண்டு வருடம். டிராயிங் படிக்க, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு தவறலாம் என்ற வரம்பு) என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அங்கேதான் வாய்த்தது. இராத்திரியில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸை முதல் பக்கத்திலிருந்து போட்டேன். 2016இல் பெங்களூரில் வேறொரு இடத்தில் உள்ளே போனேன், இன்றுவரை அதே துறை. விமானம் பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமைக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் ஒரு கதவுச் சட்டம் தாங்குமா என்று ரிவெட் ரிவெட்டாகக் கணக்குப் போட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. கட்டடக்காரர்கள் மாதிரி சந்தேகம் வந்தால் கூடக் கொஞ்சம் கம்பி போட முடியாது. எடை ஏறும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் விஷயம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஏரோஸ்பேஸ், திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே 2007இல் தொடங்கிய ஐ.ஐ.எஸ்.டி., குரோம்பேட்டை எம்.ஐ.டி. இவற்றில் ஒன்று கிடைத்தால் மேலே எழுதியதை மறந்துவிட்டுச் சேருங்கள். முதல் இரண்டுக்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வேண்டும், மூன்றாவது பொறியியல் கலந்தாய்வு வழி. எம்.ஐ.டி.காரர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், உங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கிடைக்காவிட்டால், பெயரில் விமானம் இருக்கிறது என்பதற்காக மட்டும் எங்கேயோ நிர்வாக ஒதுக்கீட்டில் சேராதீர்கள். நம் ஊரிலேயே 1952இல் தொடங்கிய அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே மெக்கானிக்கலோ எலெக்ட்ரானிக்ஸோ போதும். இஸ்ரோ மத்திய ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் பழசிலிருந்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான். குறைந்தது 65 சதவீதம் கேட்பார்கள், அரியர் வைத்துவிட்டு என்னைப் போல் முழிக்காதீர்கள். ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்றால் மெக்கானிக்கல் முடித்து, மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்.கில் மாறலாம். அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

மாமா கலாமைச் சொன்னால் நீங்கள் மற்றவர்களையும் சொல்லுங்கள். இஸ்ரோவின் இப்போதைய தலைவர் நாராயணன் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் டிப்ளமோதான். செங்கோட்டை நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 திட்டத்தை நடத்தியவர், படித்தது எலெக்ட்ரானிக்ஸ். கலாமே எம்.ஐ.டி.க்குப் போகும் முன் திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர். ஏரோநாட்டிக்கல் படித்து உச்சிக்குப் போனவர் என்றால் சிவன் இருக்கிறார், அதுவும் தமிழ் வழி அரசுப் பள்ளியிலிருந்து. ஆனால் அவர் படித்தது எம்.ஐ.டி.யில், குளவி கூட்டில் அல்ல.

தனியார் பக்கமும் இப்போது ஆள் எடுக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் முளைத்த அக்னிகுல் என்ற கம்பெனி 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டை விட்டது. அதன் எஞ்சின் ஒரே துண்டாக 3டி பிரிண்டரில் அடித்தது. அந்த மாதிரி இடத்தில் உலோகம் தெரிந்தவனுக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவனுக்கும் கோடிங் தெரிந்தவனுக்கும் வேலை உண்டு.

உலோகம் என்றதும் ஒன்று. 1988இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் விமானம் ஒன்றுக்கு வானத்திலேயே கூரை பிய்ந்து போயிற்று. காரணம் தகடுகள் சேரும் இடத்தில் அரிப்பும், ரிவெட் ஓட்டைகளில் கிளம்பிய விரிசலும். அந்த உலோக அரிப்பை ஆராய்கிற தேசிய நிலையம் எங்கே இருக்கிறது? அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், காரைக்குடியில். வருடம் முழுக்க அந்த மதில் ஓரமாக டியூஷன் போய்விட்டு, விமானத்துக்கும் நம் ஊருக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தவன் நான். அழகப்பரே விமானம் ஓட்ட உரிமம் வைத்திருந்தவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியே நடத்தியவர். செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் வேறு கிடக்கிறது. சின்ன வயதில் அங்கே சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். மாமாதான் கூட்டிப்போனார்.

அந்த மாமாவைப் பற்றிச் சொன்னால் நிறுத்த முடியாது. அட்மிஷனுக்கு என்று அப்பாவிடம் தனியாக வாங்கிய நாற்பதாயிரம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதை விடுங்கள். தேவகோட்டையில் தாத்தா வீட்டில் ஒரு பர்மா தேக்கு நிலைக்கதவு இருந்தது. அம்மாவுக்கும் அதில் பங்கு. ஒருநாள் போனால் அந்த இடத்தில் தகரம் அடித்திருந்தது. கரையான் அரித்துவிட்டது என்றார். போன வருடம் ஒரு சொகுசு விடுதியின் படங்களில் அதே நிலையைப் பார்த்தேன், நான் பம்பரம் குத்திய வடுவோடு. கரையானுக்கு நல்ல ரசனை. அம்மாவுக்கு அந்தப் படத்தை நான் காட்டவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும்.

பிற்சேர்க்கை: ஏ.எம்.இ. படிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அது வேறு. ஏரோநாட்டிக்கல் என்பது விமானத்தை வடிவமைக்கிற பொறியியல் பட்டம். ஏ.எம்.இ. என்பது விமானத்தைப் பராமரித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமம், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.யின் தேர்வுகள் எழுதி, வேலை அனுபவமும் காட்டி வாங்க வேண்டும். உரிமம் உள்ளவர் கையெழுத்து இல்லாமல் பழுது பார்த்த விமானம் கிளம்பாது. கையில் எண்ணெய் படுவது பிடிக்கும் என்றால் கௌரவமான வேலை. சேர்வதற்கு முன் அந்தப் பயிற்சி நிலையத்துக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா நான்கு வருடமும் என்னை அதில்தான் சேர்த்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வரும்போதெல்லாம் என் நகக்கண்ணைப் பார்ப்பார். ஏன் என்று அப்போது புரியவில்லை.