கேள்வி – பதில்: மண்ணுக்கும் தாருக்கும் எந்த டயர்?

கேள்வி: தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடும் பைக். முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17, ஸ்போக் சக்கரம். டயர்கள் தேய்ந்துவிட்டன. பட்டன் டயர் (ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும் மண்பாதை டயர்) போடலாமா? பின்னால் 120-க்குப் பதில் 130 மி.மீ. அகலம் போட்டால் பிடிமானம் கூடுமா?

பதில்: ஓட்டத்தில் மண்பாதை கால் பங்குகூட இல்லையென்றால் பட்டன் டயர் வேண்டாம். தாரில் அந்த ரப்பர் கட்டைகள் நெளியும். ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். நடுப்பகுதி சீக்கிரமே மொட்டையாகிவிடும். பாதிக்குப் பாதி மண் என்றால் முன்னால் மட்டும் பட்டன் போடுங்கள். மண்ணில் வழுக்கினால் சமாளிக்க முடியாதது முன்சக்கரம்தான்.

130 ஆசையை விட்டுவிடுங்கள். குறுகிய ரிம்மில் அகல டயர் ஏறினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பும். வளைவில் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். இன்னொன்று, புதுச் செயின் போடும்போது பின்சக்கரம் முன்னுக்கு நகரும். பழைய செயினில் உரசாமல் ஓடிய டயர் அப்போது ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) உரச ஆரம்பிக்கும்.

டயரின் பக்கச்சுவரில் '54 எஸ்' என்றிருந்தால் அது தாங்கும் உச்ச அளவு 212 கிலோ சுமை, மணிக்கு 180 கி.மீ. வேகம். கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள். '1424' போன்ற நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி: 2024-ன் 14-வது வாரம்.

ட்யூபையும் ரிம் டேப்பையும் (ஸ்போக் முனைகள் ட்யூபைக் குத்தாமல் மறைக்கும் பட்டை) சேர்த்தே மாற்றுங்கள். பழைய ட்யூப் விரிந்துபோயிருக்கும். புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பிலேயே பஞ்சராகும். டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கட்டும். முதல் 150 கி.மீ. வரை அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள்.