அரிக்கமேட்டு ஓடு யார் வீட்டுச் சரக்கு?

கேள்வி: தொல்லியல்காரர்கள் இன்று ஒன்று சொல்கிறார்கள், இருபது வருடம் போனால் அதையே மாற்றிச் சொல்கிறார்கள். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு ரோமானியர் வணிகத்தலம் என்று நான் பள்ளியில் படித்தேன். அது பழைய கதை என்கிறாள் என் பேத்தி. எதைத்தான் நம்புவது?
– வாசகர், திண்டிவனம்

பதில்: பேத்தியை நம்புங்கள். அதற்காக வீலரைத் திட்ட வேண்டாம்.

1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் ஓர் உடைந்த ஜாடிக் கைப்பிடியைப் பார்த்தார். மத்தியதரைக் கடல் பக்கம் மது ஏற்றிப்போகும் அம்போரா ஜாடி. அது கிடைத்த இடம் அரிக்கமேடு என்று தெரிந்து, மறு ஆண்டே அங்கே குழி வெட்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்பு மெருகுப் பானை ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவர் பெயர் லத்தீனில் முத்திரையாக இருந்தது. அந்தச் சரக்கு எந்தக் காலத்தது என்று இத்தாலியில் ஏற்கெனவே கணக்கு இருந்தது: கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி. கரி, எலும்பு போன்றவற்றில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் கரிமக் காலக்கணிப்பு இல்லாத நாள் அது. அமெரிக்க வேதியியலாளர் லிப்பியின் அந்த முறை 1949-ல்தான் வந்தது. ஆக, தென்னிந்தியத் தொல்லியலுக்கு அந்தச் சிவப்புச் சில்லுதான் முதல் கடிகாரம். சாதாரண வேலையா?

சறுக்கியது அடுத்த அடியில். அதே குழிகளில் கறுப்பும் சாம்பலுமாக மெல்லிய தட்டுகள். உள்ளே அடிப்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை. இந்த வேலைப்பாடும் மேற்கிலிருந்து வந்ததுதான் என்று முடிவு கட்டினார். அன்றைய சிந்தனையே அப்படி: ஓர் ஊரில் புதிதாக ஏதாவது தென்பட்டால் வெளியாள் கொண்டுவந்திருக்க வேண்டும். மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளைப் பார்த்து ஆரியர் மேல் கொலைப்பழி போட்டவரும் இவரே. 1964-ல் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அந்தப் பழியைக் கிழித்துக் காயப்போட்டார்.

அப்புறம் தட்டுகளின் மண்ணைப் பரிசோதித்தார்கள். இந்திய மண். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் அரிக்கமேட்டை மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது தெரிந்தது. இருந்த ஊருக்குக் கப்பல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை: இந்தியாவில் பல இடங்களில் ரோமானிய அம்போரா என்று எழுதிவைத்திருந்த சில்லுகளைப் பிற்பாடு பானை ஓட்டு ஆய்வாளர் ரொபெர்ட்டா டாம்பர் எடுத்துப் பார்த்தார். அவற்றில் பல மெசொப்பொத்தேமியா (இன்றைய ஈராக்) பக்கத்து ஜாடிகள், உள்ளே தார் பூசியவை. அதற்குப் புதிதாக ஒரு குழிகூட வெட்டவில்லை.

ஓடு மாறவில்லை ஐயா, கேட்ட கேள்விதான் மாறியது. "யார் வந்தார்கள்?" என்று வீலர் கேட்டார். "யார் இருந்தார்கள்?" என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். இப்போது நம்மவர் சிலர் ஒவ்வொரு சில்லையும் புரட்டி "எவ்வளவு பழசு?" என்று மட்டும் கேட்கிறார்கள். ஆயிரம் வருடம் கூடினால் கைதட்டல், ஐம்பது வருடம் குறைந்தால் சதி! வீலருக்கு ரோம் என்றால் இவர்களுக்கு வயது.

பேத்திக்கு லீவு விட்டதும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். அரிக்கமேட்டுச் சில்லுகள் அங்கே இருக்கின்றன.