மாத்திரை மூளை வரைக்கும் போகிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பெயர்கள் மறந்துபோகின்றன என்று தினமும் 500 மில்லிகிராம் சிட்டிகோலின் மாத்திரை சாப்பிடுகிறார். 'மூளைச் செல் சவ்வைப் புதுப்பிக்கும்' என்று அட்டையில் போட்டிருக்கிறது. நிஜமா?

பதில்: அட்டை எழுதுகிறவருக்கென்ன, ஒரே வரியில் முடித்துவிட்டார்!

மாத்திரை முழுசாக மூளைக்குப் போவதில்லை. குடலிலேயே உடைந்து கோலின், சைட்டிடின் என்று இரண்டாகிவிடும். மனித உடலில் சைட்டிடின் பெரும்பாலும் யூரிடினாக மாறித்தான் ரத்தத்தில் சுற்றுகிறது. கோலினும் யூரிடினும் மூளைக்குள் நுழைந்தபின் நடப்பதுதான் வேடிக்கை. யூரிடினிலிருந்து மறுபடி சைட்டிடின் டிரைபாஸ்பேட் உருவாகிறது; கோலின் ஒரு பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது; இரண்டும் இணைந்தால் உங்கள் அப்பா விழுங்கிய அதே சிட்டிகோலின்! அது ஒரு கொழுப்பு மூலக்கூறோடு சேர்ந்து பாஸ்பாட்டிடைல்கோலின் ஆகிறது. செல் சவ்வின் முக்கியச் சரக்கு அதுதான். 1950களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் யூஜின் கென்னடி கண்டறிந்த பாதை இது. நான் பாடம் நடத்திய காலத்தில் இந்த இடம் வந்தாலே வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும்.

சரி, மூளைக்குள் மாற்றம் தெரிகிறதா? தெரிகிறது. எம்.ஆர்.ஐ. கருவியை ஹைட்ரஜனுக்குப் பதிலாகப் பாஸ்பரஸுக்குச் சுருதி சேர்த்தால், படத்துக்குப் பதில் மேடு மேடாக ஒரு வரைகோடு கிடைக்கும். அதில் ஒரு மேடு பாஸ்போடைஎஸ்டர்களுடையது. 2002இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் தினம் 500 மில்லிகிராம் வீதம் 6 வாரம் சாப்பிட்டபோது அந்த மேடு சுமார் 7 சதவீதம் உயர்ந்தது. ஆனால் பாஸ்போடைஎஸ்டர்கள் பெரும்பாலும் சவ்வுக் கொழுப்பு சிதையும்போது மிஞ்சுபவை. கட்டுவதும் கழிப்பதும் சேர்ந்தே வேகமெடுத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் அதற்கு விளக்கம் சொன்னார்கள். இதை 'புதுப்பிக்கும்' என்று சுருக்குவது கொஞ்சம் அதிகப்படி.

அப்புறம், வேதியியல் மாறினால் நோயாளி தேறிவிடுவார் என்பதற்கும் உத்தரவாதமில்லை. பக்கவாதம் வந்த 2,298 பேருக்கு நடந்த சோதனை 2012இல் வெளியானது. பாதிப் பேருக்குத் தினம் 2,000 மில்லிகிராம் சிட்டிகோலின், மற்றவர்களுக்கு வெற்று மருந்து. 90 நாள் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது பக்கவாதம் அல்ல, மறதி. வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் மறதி வரும். இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பார்த்தாயிற்றா? இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.