பணமும் பரலோகப் பொக்கிஷமும்: கேட்டதுக்கெல்லாம் பதில்

காசு, சொத்து, விசுவாசம் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததை சேர்த்துட்டேன். வசனம் சொல்ற எடத்துல பைபிளை தெறந்து முன்ன பின்ன நாலு வசனம் படிச்சிக்கோங்க, என்னை அப்படியே நம்பாதீங்க.

பிரதர், பணம் வச்சிருக்கிறதே பாவமா?

இல்ல. 1 தீமோத்தேயு 6:10ல "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது"ன்னு தான் இருக்கு, பணம்னு இல்ல. அதே அதிகாரம் 17, 18ம் வசனத்துல ஐசுவரியவான்களுக்கு என்ன சொல்லணும்னு அப்போஸ்தலர் பவுல் தீமோத்தேயுகிட்ட சொல்றாருன்னு பாருங்க, வித்துட்டு வாங்கன்னு இல்ல, பெருமைப்படாதீங்க, நிலையில்லாத காசு மேல நம்பிக்கை வைக்காதீங்க, தாராளமா குடுங்கன்னு தான்.

அப்போ நித்திய ஜீவன் வேணும்னு வந்த அந்த பணக்கார வாலிபனை மட்டும் இயேசு ஏன் எல்லாத்தையும் விக்க சொன்னாரு? நானும் விக்கணுமா? லோன் போட்டு இப்பதான் வீடு வாங்குனேன், படிச்சதுல இருந்து மனசு உறுத்துது.

மாற்கு 10. இயேசு எல்லார்கிட்டயும் இதையே கேக்கல. சகேயுன்ற பணக்கார வரி வசூல்காரன் சொத்துல பாதியை ஏழைங்களுக்கு தரேன்னு அவனா சொன்னான், மீதியையும் வைன்னு அவர் சொல்லல, ரட்சிப்பு வந்தாச்சுன்னுட்டாரு. அரிமத்தியா யோசேப்பு பணக்காரர், இயேசுவை அடக்கம் பண்ண சொந்த கல்லறையையே குடுத்தாரு. லீதியாள் இரத்தாம்பரம்ன்ற விலை ஒசந்த துணி வித்த வியாபாரி, பவுலை வீட்ல தங்க வச்சாங்க, அவங்க வீடு வித்திருந்தா பவுல் எங்க தங்கியிருப்பாரு? ஆனா சிஸ்டர், இத கேட்டு உடனே நிம்மதியாயிடவும் வேணாம். அந்த வாலிபனுக்கு கட்டளையெல்லாம் மனப்பாடம், சின்ன வயசுலருந்து கைக்கொண்டவன், கை வைக்க விடாத ஒரே எடம் சொத்து தான், அவர் கரெக்டா அங்க தான் கை வச்சாரு. உங்க வீட்டை கேட்டா குடுப்பீங்களான்னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்ல லேட் ஆச்சுன்னா அத வச்சே ஜெபம் பண்ணுங்க, வீட்டை விக்க அவசரப்படாதீங்க.

ஐசுவரியவான் தேவனோட ராஜ்யத்துல போறதை விட ஒட்டகம் ஊசியின் காதுல நுழையறது ஈசின்னு இயேசு சொன்னாரே, அந்த ஊசியின் காதுன்றது எருசலேம்ல இருந்த ஒரு சின்ன வாசல், ஒட்டகம் முட்டி போட்டா உள்ள போயிடும்னு பிரசங்கத்துல கேட்டேனே?

முதல் நூற்றாண்டுல அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரம் கெடையாது. கஷ்டம்னு இல்ல, மனுஷனால முடியாதுன்னு தான் இயேசு சொல்றாரு, மாற்கு 10:27ல அதோடயே தேவனால கூடும்னும் சொல்லிட்டாரு.

காணிக்கையை விதைச்சா நூறு மடங்கு திரும்பி வரும்னு சொல்றாங்க. 3 யோவான் 2 காட்டுறாங்க, வாழ்ந்து சுகமா இருக்கணும்னு.

3 யோவான் 2 காயுன்ற ஒருத்தருக்கு எழுதுன லெட்டரோட நலம் விசாரிப்பு. நாமளும் லெட்டர் ஆரம்பத்துல அப்படி தான எழுதுவோம், அதுல ஒரு உபதேசத்தை எப்படி கட்டுறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. நூறு மடங்கு மாற்கு 10:30, அதுல "துன்பங்களோடேகூட"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அத யாரும் மேடையில வாசிக்க மாட்டேங்கிறாங்க. காசு போட்டு காசு எடுக்குறது வட்டி கணக்கு, காணிக்கை இல்ல.

ஆவிக்குரிய ஐசுவரியம்னு சும்மா சொல்றீங்க, அது என்னங்க? கையில புடிச்சு பாக்குற மாதிரி ஒன்னும் இல்லையே.

நல்ல கேள்வி. வெளிப்படுத்தல் 2, 3 அதிகாரத்துல ரெண்டு சபையை பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. சிமிர்னாவுக்கு தரித்திரம், உபத்திரவம், ஆனா ஆண்டவர் நீ ஐசுவரியமுள்ளவன்றாரு. லவோதிக்கேயா எனக்கு ஒன்னும் குறைவில்லைன்னுது, அதை தரித்திரன், குருடன், நிர்வாணின்றாரு. அந்த ஊர் சும்மா பீத்திக்கல, கி.பி. 60 வாக்குல பூகம்பத்துல இடிஞ்சு போய் ரோம் உதவி இல்லாம சொந்த காசுலயே எழும்புன ஊர்னு ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் எழுதி வச்சிருக்காரு. அந்த ஊரை பாத்து தான் என்கிட்ட பொன் வாங்கிக்கோ, வெண்வஸ்திரம் வாங்கிக்கோ, கண்ணுக்கு கலிக்கம், அதாவது கண் மருந்து, போட்டுக்கோன்னு சொல்றாரு. சிமிர்னாகிட்ட இருந்தது என்ன? உபத்திரவத்துலயும் விசுவாசம், மரணபரியந்தம் உண்மையாயிருன்னு தான் அவங்களுக்கு சொல்றாரு. அதான் கையில புடிக்கிற அளவு. சம்பளம் நின்னா, உடம்பு படுத்தா, ஆள் கைவிட்டா அப்புறமும் உங்ககிட்ட மிச்சம் இருக்கிற சமாதானம், மன்னிக்கிற மனசு, நம்பிக்கை, அது எவ்வளவோ அவ்வளவு தான் சொத்து. வசதியா இருக்கும்போது இத அளக்க முடியாது, அதனால தான் வசதி ஆபத்து.

சேமிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் அவிசுவாசமா?

எகிப்துல யோசேப்பு ஏழு வருஷம் தானியம் சேத்து வச்சாரு, ஜனங்க பொழச்சாங்க. லூக்கா 12ல களஞ்சியத்தை இடிச்சு பெருசா கட்ட நெனச்சவன் "என் தானியம், என் ஆத்துமா"ன்னு தனக்குள்ளயே பேசிட்டிருந்தான், மத்தவன் நெனப்பே இல்ல. சேத்து வைங்க, யாருக்காகன்னு மட்டும் பாத்துக்கோங்க.

ஐயா, கடன் கழுத்தை நெரிக்குது, வருமானத்துல பத்துல ஒன்னு, தசமபாகம், குடுக்க முடியல. குடுக்கலைன்னா சாபம்னு மல்கியா 3 காட்டி பயமுறுத்துறாங்க.

மல்கியா, மோசே குடுத்த நியாயப்பிரமாணத்துக்கு கீழ இருந்த இஸ்ரவேலுக்கு பேசுனது. புது உடன்படிக்கையில பவுல் பெர்சன்டேஜ் எதுவும் போடல, வரவுக்கு தக்கதா, மனசுல நியமிச்சபடி, கட்டாயமா இல்லன்றாரு. 2 கொரிந்தியர் 8:12 படிங்க, இல்லாததை வச்சு இல்ல, உள்ளதை வச்சு தான் கணக்கு. பத்துல ஒன்னு நல்ல பழக்கம்னு நானும் சொல்வேன், ஆனா கடன் குடுத்தவன் காசை எடுத்து காணிக்கை போடறது அடுத்தவன் காசு தான. சங்கீதம் 37:21 கடன் வாங்கி செலுத்தாதவனை துன்மார்க்கன்னுது. கடனை அடைங்க, நடுவுல முடிஞ்ச சின்ன தொகையை சந்தோஷமா குடுங்க, பயத்துல குடுக்காதீங்க. சாபம்னு மெரட்டுறவங்ககிட்ட உங்க கடனுக்கு உதவ முடியுமான்னு ஒரு தடவை கேட்டு பாருங்களேன்.

ஜெபமே பண்ணாத ஃப்ரெண்டு கார் மேல கார் வாங்குறான், எனக்கு ஜெபம் பண்ணவே தோணல அண்ணா.

சங்கீதம் 73, அத பாடுன ஆசாப்புக்கும் இதே எரிச்சல். நான் சுத்தமா இருந்தது வீண் தானான்னு கேட்டுட்டாரு, தேவன் அவரை தொரத்தல. நீங்களும் அந்த எரிச்சலையே அப்படியே ஜெபமா சொல்லுங்க, நல்ல வார்த்தை வர்ற வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க.