அவரை மீண்டும் அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

செய்தித் தொலைக்காட்சி ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். எங்கள் பெண் நிருபர் ஒருவர், வெளிநாட்டுத் தலைநகர் ஒன்றில் அரசுக்கு எதிராக மூண்ட போராட்டத்தைக் களத்தில் நின்று பதிவு செய்து திரும்பினார். அங்கே ஓர் இரவு கூட்டத்தில் அவரும் ஒளிப்பதிவாளரும் பிரிந்துவிட்டதாகவும், நெடுநேரம் கழித்தே அவர் விடுதிக்கு வந்து சேர்ந்ததாகவும் ஒளிப்பதிவாளர் சொன்னார். நான் கேட்டபோது, “ஒன்றுமில்லை சார், நெரிசலில் மாட்டிக்கொண்டேன்” என்று பேச்சை முடித்துக்கொண்டார். ஆனால் ஒரு மாதத்துக்கும் மேலாக அவர் பழைய ஆளாக இல்லை. தான் எடுத்த காட்சிகளைத் தானே தொகுத்தால்தான் திருப்தியடைபவர், இப்போது அவற்றைப் பார்க்கவே மறுக்கிறார். யாராவது பின்னாலிருந்து அழைத்தால் திடுக்கிடுகிறார். சரியாக உறங்குவதில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது.

இப்போது அங்கே மறுபடியும் கலவரம் வெடித்திருக்கிறது. தன்னையே அனுப்பும்படி அவர் கேட்கிறார். நிர்வாகமோ, இனி இத்தகைய இடங்களுக்கு ஆண்களை மட்டும் அனுப்பச் சொல்கிறது. அனுப்பினால் அவருக்குத் தீங்கு செய்தவனாவேன், மறுத்தால் அவர் உழைத்துப் பெற்ற இடத்தைப் பறித்தவனாவேன். என் மகளாக இருந்தால் அனுப்புவேனா என்ற கேள்வியும் என்னை விடுவதாயில்லை. அவரிடம் எதை, எப்படிக் கேட்பது?

— ஒரு செய்தி ஆசிரியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அந்த இரவில் நடந்ததை ஊகிப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். அதைச் சொல்வதா, யாரிடம், எப்போது சொல்வது என்பதெல்லாம் அவருடைய உரிமை. உண்மையைச் சொன்னால் களப்பணி பறிபோகும் என்ற நிலை இருந்தால் அதை நீக்குவது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் நிர்வாகம் இப்போது எடுத்திருக்கும் முடிவு அந்த அச்சத்தை உறுதிப்படுத்தும் என்பதால்தான் அதை நான் ஏற்கவில்லை.

2011 பிப்ரவரி 11 அன்று, எகிப்திய அதிபர் முபாரக் பதவி விலகிய இரவில், கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிருபர் லாரா லோகனைக் கூட்டம் சக பணியாளர்களிடமிருந்து பிரித்து இழுத்துச் சென்று, அடித்து, பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியது. அங்கிருந்த பெண்களும் எகிப்திய இராணுவ வீரர்களும்தான் அவரை மீட்டார்கள். அவர் அதை வெளிப்படையாகப் பேசிய பிறகு, பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு, செய்தியாளர்கள் மீதான பாலியல் வன்முறை பற்றி அதே ஆண்டு ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காகப் பேசியவர்களில் பலர் தங்களுக்கு நேர்ந்ததை அதுவரை வெளியில் சொல்லாதவர்கள். சமூகப் பழிக்கு அஞ்சியதும், புகார் கொடுத்துப் பயனில்லை என்று நினைத்ததும் அதற்குக் காரணங்கள். பலவீனமானவர் என்று கருதி அடுத்த பணியை மறுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் சேர்ந்தே இருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் தஹ்ரீரில் பிரெஞ்சுப் பெண் நிருபர் ஒருவர் தாக்கப்பட்டதும், ‘எல்லைகளற்ற செய்தியாளர்கள்’ அமைப்பு, எகிப்துக்குப் பெண்களை அனுப்புவதை ஊடகங்கள் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமென்று அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழவே அந்த வாசகத்தை மாற்றிக்கொண்டது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே இயங்கும் அமைப்புக்கும் நல்லெண்ணத்தால் இப்படித் தோன்றியிருக்கிறது என்பதால் உங்கள் நிர்வாகத்தை நான் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்தத் தீர்வு தாக்கியவர்களை விட்டுவிட்டுத் தாக்கப்பட்டவர்களைத் தண்டிக்கிறது. மேலும், ஆபத்து கூட்டத்திலிருந்து மட்டும் வருவதில்லை. அதே மாதம் கெய்ரோவில் எகிப்திய-அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் மோனா எல்தஹாவியின் இடக்கையையும் வலக்கரத்தையும் முறித்து, பாலியல் ரீதியாகத் தாக்கியவர்கள் பாதுகாப்புப் படையினர்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவரைத் தனியாக, கதவு சாத்திய அறையில், அவசரமில்லாத ஒரு நேரத்தில் சந்தியுங்கள். “நீங்கள் திரும்பி வந்ததிலிருந்து சரியாக உறங்குவதில்லை என்று நினைக்கிறேன். என்ன நடந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எது சொன்னாலும் அது உங்கள் வேலையைப் பாதிக்காது” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர் பேசவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம்; விரும்பாதவரை விவரமாகச் சொல்ல வைப்பது மனக்காயத்தை ஆற்றாது. விரும்பினால் பேசுவதற்கு ஒரு பெண் மனநல மருத்துவரின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், செலவை நிறுவனம் ஏற்கும் என்றும், அங்கே பேசுவது அலுவலகத்துக்கு வராது என்றும் உறுதி கூறுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் திடுக்கிடலும் காட்சிகளைத் தவிர்ப்பதும் உறக்கமின்மையும் ஒரு மாதத்தைக் கடந்து நீடிப்பதால், இதைத் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. 2002-இல் மனநல மருத்துவர் அந்தோனி ஃபைன்ஸ்டீன் வெளியிட்ட ஆய்வில், போர்க்களச் செய்தியாளர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இத்தகைய அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு உள்ளானது தெரியவந்தது. இதற்கெனவே உருவான உளவியல் சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன.

திரும்பிப் போக அவர் துடிப்பதைத் துணிச்சல் என்றோ பிடிவாதம் என்றோ மதிப்பிட வேண்டாம். தான் இன்னும் பழைய நிருபர்தான் என்று தனக்கே நிரூபித்துக்கொள்ளும் ஆவலாகவும் அது இருக்கலாம். இந்த முறை அவரை அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அவர் பெண் என்பதை அதற்குக் காரணமாக்காமல், களத்தில் காயம்பட்டுத் திரும்பும் எந்த ஆண் நிருபருக்கும் பொருந்தும் ஓய்வு விதியாகவே அதைச் சொல்லுங்கள். சிகிச்சை அளிப்பவரும் அவரும் சேர்ந்து முடிவெடுத்ததும் அவர் இடம் அவருக்கே என்று எழுத்தில் கொடுங்கள். மகளாக இருந்தால் என்ற கேள்வி உங்கள் அன்பிலிருந்து வருகிறது, ஆனால் அவர் தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுத்தவர். அவரை மகளாக நினைத்தால் அவருக்காக நீங்களே முடிவெடுத்துவிடுவீர்கள்.

அடுத்து யார் போனாலும் தனியாக அனுப்பாதீர்கள். கூட்டத்தின் நடுவில் இறங்காமல் விளிம்பிலோ உயரமான இடத்திலோ நின்று வேலை செய்யவும், வெளியேறும் வழியை முன்கூட்டியே பார்த்து வைக்கவும் பயிற்சி கொடுங்கள். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் யார் என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாலியல் வன்முறை நேர்ந்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால், அது அந்நகரில் எங்கே கிடைக்கும் என்பதைப் பயணத்துக்கு முன்பே, ஆண் பெண் வேறுபாடின்றி, அனைவருக்கும் சொல்லிவையுங்கள்.

அந்த ஒளிப்பதிவாளரையும் அழைத்துப் பேசுங்கள். கூட்டத்தில் சக பணியாளரைத் தவறவிட்டு, அவர் வரும்வரை விடுதியில் காத்திருந்தவர் அவர். அவரிடம் இதுவரை யாராவது எதையாவது கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.