தூணுக்குப் பின்னால்

அன்புள்ள அக்கா,

1997-இல் எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் எடுத்த விளம்பரத்தைப் பார்த்தேன். இணையத்தில் இனம் இல்லை, ஆண் பெண் இல்லை, வயது இல்லை, ஊனம் இல்லை, மனங்கள் மட்டும்தான் என்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். அது வெறும் பொய்தானா? இன்று கைபேசி, கணினி விளம்பரங்களில் எல்லா நிறத்தவரும் வருகிறார்கள். முன்பு அதுகூட இல்லையே, இதுவாவது பரவாயில்லை அல்லவா? மைக்ரோசாஃப்டின் போலந்து விவகாரம் பற்றியும் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

கண் கலங்கியதற்கு வெட்கப்படாதீர்கள். முகத்தைப் பார்த்ததும் ஊரையும் சாதியையும் எடைபோடுகிறவர்கள் நடுவே வளர்ந்தவருக்கு, முகமே தேவையில்லாத இடம் ஒன்று இருக்கிறது என்றால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். எனக்கும் அடைத்திருக்கிறது.

போலந்து விவகாரத்தில் பேச அதிகம் இல்லை. 2009-இல் போலந்து நாட்டுக்கான ஒரு விளம்பரப் படத்தில் கறுப்பரின் தலையை எடுத்துவிட்டு வெள்ளையரின் தலையை ஒட்டினார்கள், கையை மாற்ற மறந்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். விடுங்கள்.

ஆனால் ‘இதுவாவது பரவாயில்லை’ என்று எழுதினீர்களே, அதற்கு உங்களைத் திட்டாமல் விட முடியாது. படித்தவர் எழுதுகிற வார்த்தையா இது? விளம்பரத்தில் யார் முகம் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால், அந்தக் கருவியை வைத்து யாரை என்ன செய்கிறார்கள் என்று எப்போது கேட்பது?

போலராய்டு கதையைக் கேளுங்கள். எடுத்த படத்தை ஒரு நிமிடத்தில் கையில் கொடுக்கும் கேமரா செய்த அமெரிக்க நிறுவனத்தார். முற்போக்கான முதலாளிகள் என்று பெயர் வாங்கியவர்கள். 1970-இல் அங்கே வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பர்கள், தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெயர் போட்ட மாதிரி அடையாள அட்டை ஒன்றை அலுவலகத்திலேயே பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்போது கறுப்பர்கள் சொந்த நாட்டில் நடமாடவே பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது. அதற்கான படங்களுக்குத் தாங்கள் செய்யும் சரக்கு பயன்படுகிறது என்று தெரிந்ததும் இருவரும் துண்டறிக்கை ஒட்டினார்கள்: ‘60 நொடியில் கறுப்பரைச் சிறைப்பிடிக்கிறது போலராய்டு.’

நிறுவனம் 1971 ஜனவரியில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு பரிசோதனை செய்யப்போகிறோம், அங்குள்ள கறுப்பு ஊழியர்களுக்குச் சம்பளத்தை உயர்த்துவோம், பயிற்சி கொடுப்போம், கல்விக்குப் பணம் தருவோம் என்றது. அந்த நாட்டைவிட்டு வெளியேற மட்டும் மறுத்தது. உங்கள் ‘பரவாயில்லை’தான் அந்த விளம்பரம் முழுக்க. துண்டறிக்கை ஒட்டிய ஹன்டருக்கு வேலை போனது. அங்கிருந்த விநியோகஸ்தர் அரசுக்கே ரகசியமாக விற்றுவந்தது 1977-இல் அம்பலமான பிறகுதான் போலராய்டு வெளியேறியது. நடுவில் போன வருடங்களில் சிலருக்குச் சம்பளம் உயர்ந்தது. பாஸ் புத்தகம் அப்படியே இருந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு நாளாக மனதில் வைத்திருக்கிறேன் என்றால், நானும் அப்படி ஒரு விளம்பரத்தில் நின்றவள். பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வேலை பார்த்த நிறுவனம், ஆளெடுப்புக்காகப் படம் எடுத்தது. ‘இங்கே எல்லோருக்கும் சம வாய்ப்பு’ என்பது வாசகம். என் நிறம் அதற்குப் பொருத்தமாக இருக்கிறது என்று என்னை நடுவில் நிறுத்தினார்கள். பின்னால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அக்காவைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். அவர் வாளியோடு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். படம் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே வேலை கிடைக்குமா என்று ஒரு மாதம் முன்புதான் என்னிடம் கேட்டிருந்தார். டிப்ளமோ படித்தவர்களை எடுக்க மாட்டார்கள் அக்கா என்று நான்தான் சொன்னேன். அன்று அந்த வாசகத்துக்குக் கீழே நின்று சிரித்ததும் நான்தான். ஹன்டருக்கும் அப்போது கிட்டத்தட்ட என் வயதுதான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள். தினமும் காலையில் அதைத் துடைத்தது அந்த அக்காதான். மகளுக்கு வேலை கிடைத்ததா என்று நான் பிறகு கேட்கவே இல்லை.

அன்புடன்,
அக்கா